நண்பராய்ச் சென்றவர்



தலைநகரத்தில் நாம் வாழும் மாணவர் விடுதி ஒரு விந்தையான பள்ளிக்கூடம். பாட நூல்களில் இல்லாத பலவற்றை அது கற்பிக்கிறது. ஒரே கூடத்தில் பஞ்சாபியரும் வங்காளியரும் மலையாளியரும் மணிப்பூரியரும் நம்முடன் அமர்ந்து உண்கிறார்கள். உணவில் தொடங்கும் பேச்சு மொழிக்குத் தாவும். மொழியிலிருந்து சமயத்துக்குத் தாவும். நான் நெல்லைச் சீமையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். என் சமயத்தைப் பற்றி நண்பர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்றுதான் கடினமானது. பெற்ற நற்செய்தியைப் பிறருக்குச் சொல்ல வேண்டும் என்பது கிறிஸ்தவனுக்குக் கட்டளை என்கிறார்களே, அப்படியானால் நீ எங்களோடு பழகுவது நட்புக்காகவா, எங்களை மாற்றுவதற்காகவா என்பது அந்தக் கேள்வி.

கேள்வி நேர்மையானது, மழுப்பி விடக் கூடாதது. பேசினால் ஆள் பிடிக்க வந்தவன் என்ற பெயர் வரும். பேசாதிருந்தால் நெஞ்சில் உயர்ந்ததாகக் கருதுவதை நண்பனுக்கு மறைத்தவன் ஆவான். இவ்விரண்டுக்கும் இடையே நேரான வழி ஒன்று உண்டா? இதற்கு விடையாக வாதங்களைத் தேடுவதினும் ஒரு வாழ்க்கையைத் தேடுவது நல்லது என்று எனக்குத் தோன்றிற்று. அப்படித் தேடியபோது என் கண்ணில் பட்டவர் நம்மைப் போலவே தமிழகத்தை விட்டு வெளியே சென்று வாழ்ந்த ஒரு தமிழர். அவர்தாம் தோர்ணக்கல் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

அவர் பிறந்த ஊர் வெள்ளாளன்விளை. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள அச்சிற்றூர் அன்று திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. செம்மண்ணும் பனைமரமும் நிறைந்த நாடு அது. 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபையின் குருவானவர். தாயார் எலன். நெடுநாள் பிள்ளைப் பேறு வேண்டிக் காத்திருந்த தாய் பெற்ற மகன் ஆகையால், விவிலியத்தில் அன்னாள் பெற்ற சாமுவேலின் பெயரையே அவருக்கும் இட்டனர். தந்தையார் 1889இல் மறைந்தார். அப்போது மகனுக்கு வயது பதினைந்து. அதன்பின் தாயின் கண்டிப்பும் செபமுமே அவரை வளர்த்தன.

மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்தபின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி அந்நாளில் தாம்பரத்துக்குச் செல்லவில்லை. நகரத்தின் நடுவில்தான் இருந்தது. அங்கே அவர் கணிதம் பயின்றார். பட்டத்துக்குரிய இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் நோயுற்றார். தேர்வு எழுத முடியவில்லை. பின்னரும் அவர் அத்தேர்வை எழுதவில்லை. பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறிய அவருக்கு, 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் மதிப்பியல் டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. தேர்வுக் காலத்தில் இதைச் சொல்வது நம்முள் சிலருக்குப் பிடித்திருக்கும்! ஆனால் அவர் சும்மா இருந்து அந்தப் பட்டம் பெறவில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

1895இல் அவர் ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளரானார். 1909 வரை அப்பணியில் இருந்தார். தென்னாட்டின் ஊர்கள் பலவற்றில் இளைஞரைக் கூட்டிப் பேசுவதும் பழகுவதும் அவர் வேலை. அந்நாளில் அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எட்டி என்பவர் அவருக்கு உற்ற நண்பரானார். ஆளும் இனத்து வெள்ளையர் ஒருவரும் ஆளப்படும் நாட்டுக் கறுப்பர் ஒருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொள்ளும் அளவுக்கு நண்பராவது அக்காலத்தில் எளிதன்று. அந்த நட்பின் சுவையை அறிந்தவர் ஆகையால்தான், பிற மிஷனெரிகளிடம் அது இல்லாத குறையையும் அவர் கூர்மையாக உணர்ந்தார் என்பது என் கருத்து.

1898இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னாட்டுக் கிறிஸ்தவப் பெண்களுள் கல்லூரிப் படியை மிதித்த முதற்சிலருள் ஒருவர் அவ்வம்மையார். கணவர் பின்னாளில் செய்த பணியில் பாதி அவருடையது. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கே அவர் கண்ட ஒன்று அவருடைய வாழ்க்கையின் திசையையே மாற்றிற்று. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள், அவர்களிலும் சிறப்பாக மாணவர்கள், தாங்களே பொருள் திரட்டித் தங்களுள் ஒருவரைக் கடல் கடந்த ஊருக்குப் பணியாளராக அனுப்பியிருந்தனர். வெளிநாட்டார் பணத்தையும் ஏற்பாட்டையும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை. திருநெல்வேலியிலோ கிறிஸ்தவர் தொகை பெரிது, பள்ளிகள் பல, ஆலயங்கள் பல. இத்தனை பெற்றும் தம் மக்கள் கொடுக்கக் கற்கவில்லையே என்ற எண்ணம் அவரை வாட்டிற்று. பெற்றுக்கொண்டே இருக்கும் சமயம் வளராது, கொடுப்பதனால்தான் அது உயிர் பெறும் என்ற உறுதியோடு ஊர் திரும்பினார்.

1903 பிப்ரவரி 12இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. ஆளும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பதே அதன் அடிப்படை. பனையேறியும் வயல் உழுதும் வாழ்ந்த குடும்பங்கள் தந்த காசே அதன் முதல். 1905ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த நாளன்று வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் தோன்றிற்று. வில்லியம் கேரி பணியாற்றிய இடம் அது. அங்கே கூடிய இந்தியருள் அசரியா முதன்மையானவர். அவர் நண்பர் கே. டி. பாலும் அதற்குத் துணை நின்றவர். அவ்வாண்டுதான் வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்தது என்பதையும் இங்கு நினைவு கூரலாம். தம் காலில் நிற்க வேண்டும் என்ற உணர்ச்சி நாடெங்கும் பரவிய காலத்தில், கிறிஸ்தவத் திருச்சபைக்குள்ளும் அவ்வுணர்ச்சி இவ்வாறு வெளிப்பட்டது.

திருநெல்வேலிச் சங்கம் தனக்கெனத் தேர்ந்துகொண்ட பணிக்களம் ஐதராபாத்து நிஜாமின் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்ணக்கல். நம்மில் பெரும்பாலோர் ஆண்டுக்கு இருமுறையாவது அவ்வூரைக் கடக்கிறோம். தில்லியிலிருந்து சென்னை செல்லும் ரயில் பாதையில், வாரங்கலுக்கும் கம்மத்துக்கும் இடையே உள்ள சந்திப்பு அது. சிங்கரேணி நிலக்கரி நாட்டுக்கு அங்கிருந்து கிளைப்பாதை பிரியும். இன்று தெலங்கானாவில் மகபூபாபாத் மாவட்டத்தில் உள்ளது.

பிறரை அனுப்பும் சங்கத்தின் செயலாளராக அசரியா சில ஆண்டுகள் இருந்தார். மற்றவரைப் போ என்று சொல்லித் தான் மட்டும் வீட்டில் இருப்பது அவருக்கு ஒவ்வவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே தோர்ணக்கலுக்குச் சென்றார். அப்போது வயது முப்பத்தைந்து. நாடறிந்த பேச்சாளர் என்ற பெயர் இருந்தது. தமிழ் நாவில் தவழ்ந்தது. அங்கே தமிழால் பயனில்லை. குழந்தையைப் போல் தெலுங்கின் அகரத்திலிருந்து தொடங்கினார். பேச்சில் புலி எனப் பெயர் பெற்றவர் பிழையாகப் பேசிச் சிறுவர் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு இன்னொரு மொழியைக் கற்பதற்கு மிகுந்த பணிவு வேண்டும். இந்தி பேசக் கற்கும்போது நாம் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். நாம் தேர்வுக்காகவும் கடைத்தெருவுக்காகவும் கற்கிறோம். அவரோ சேற்றில் உழைப்பவரின் திண்ணையில் அமர்ந்து, அவர் துன்பத்தை அவர் மொழியில் கேட்பதற்காகக் கற்றார்.

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. சுமார் 1,200 பேர் கூடிய அவையில் ஆசியர் தொகை மிகச் சிறிது. வெளிநாட்டுப் பணியாளரும் உள்நாட்டுப் பணியாளரும் ஒத்துழைப்பது பற்றிப் பேச அசரியா அழைக்கப்பட்டார். நன்றி சொல்லி இரண்டு இனிய சொற்களோடு முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மிஷனெரிகளின் தியாகத்தை மனமாரப் போற்றிவிட்டு, அவர்களிடம் குறையாக இருப்பது நட்பு என்றார். அவர்கள் பொருளை ஏழைக்குக் கொடுக்கிறார்கள், உயிரையும் கொடுக்கிறார்கள். ஆனால் இந்தியத் தோழனைத் தம் மேசையில் அமர்த்தி உண்பதும் அவன் வீட்டுக்குச் சென்று வருவதும் அரிதாயிருக்கிறதே என்று எடுத்துக்காட்டினார். எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்று கேட்டு உரையை முடித்தார். அவையில் சிலர் மனம் புண்பட்டனர். சிலர் நெஞ்சில் அது ஆழப் பதிந்தது. அம்மாநாட்டில் பேசப்பட்ட எத்தனையோ உரைகள் மறைந்துபோயின. இவ்வுரை நூறாண்டு கடந்தும் நினைக்கப்படுகிறது.

நான் தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு இவ்வுரையே பாதி விடை என்று கருதுகிறேன். ஒருவன் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் கொடுக்கலாம். ஆனால் மேலே நின்றுகொண்டு கீழே இருப்பவனுக்குக் கொடுத்தால் அது பகிர்தல் ஆகாது, பிச்சை ஆகும். நம்பிக்கையைப் பகிர்வதற்கு முன் சோற்றைப் பகிர வேண்டும். அதிலும், நாம் படைத்த சோற்றை அவன் உண்பது மட்டும் போதாது. அவன் படைத்ததை நாம் உண்ண வேண்டும்.

1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை. சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் இதற்காக மிகவும் முயன்றவர். எதிர்ப்பு இல்லாமலில்லை. வெள்ளையர் சிலர் ஓர் இந்தியரின் அதிகாரத்துக்குக் கீழ் அமர மனம் கொள்ளவில்லை. நம்மவர் சிலரோ நாடார் குலத்தில் பிறந்தவர் இப்பதவிக்கு வருவதா என்று முணுமுணுத்தனர். நிறம் பார்ப்பவனைக் குறை சொல்லும் வாய், சாதி பார்ப்பதை விடவில்லை. இரண்டையும் அவர் பொறுத்தார். பதிலாகச் சொல்லைத் தேடாமல் வேலையைத் தேடினார்.

அந்த வேலைதான் என்ன? அவருடைய மறைமாவட்டத்து மக்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற இரு குலத்தவர். ஊருக்குப் புறத்தே சேரியில் வாழ்ந்தவர்கள். பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். கடனில் பிறந்து கடனில் மடிந்தவர்கள். எழுத்தறிவு அவர்களுக்கு எட்டாக்கனி. பகலெல்லாம் வயலில் உழைத்து மாலையில் வீடு திரும்பியபின், சிற்றூர் ஆசிரியர் விளக்கை ஏற்றி வைத்து அவர்களைக் கூட்டுவார். ஆண்டவர் கற்பித்த செபமும், விசுவாசப் பிரமாணமும், பத்துக் கட்டளைகளும், கிறிஸ்துவின் கதைகளும் வாய்மொழியாகவே கற்பிக்கப்படும். மேனாட்டு இசையைத் திணிக்காமல் தெலுங்குக் கீர்த்தனைகளையும் பஜனையையும் அசரியா ஊக்கினார். படிக்கத் தெரியாதவர் பாடத் தெரிந்தவர் அல்லவா!

பயிற்சி முடிந்தபின் திருமுழுக்கு. அப்போது அசரியா கைக்கொண்ட வழக்கம் ஒன்று புகழ் பெற்றது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர் ஒவ்வொருவரும் தம் கையைத் தம் தலைமேல் வைத்துக்கொள்வர். தாம் திருமுழுக்குப் பெற்றவர் என்றும், நற்செய்தியைச் சொல்லாவிட்டால் தமக்குக் கேடு என்றும் வாய்விட்டுச் சொல்வர். தூய பவுல் தம்மைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய கருத்தை, கூலிக்காரர் ஒருவர் தம் வாக்காக ஏற்றுக்கொள்வார். சொல்லும் பொறுப்பு குருமாருக்கு மட்டும் உரியதன்று, சம்பளம் வாங்குபவருக்கு மட்டும் உரியதன்று என்பதே இதன் பொருள். ஆண்டுதோறும் சாட்சி வாரம் ஒன்றும் நடைபெற்றது. அவ்வாரத்தில் ஆணும் பெண்ணுமாக எளிய மக்கள் அண்டை ஊர்களுக்குச் சென்று, தாம் கண்டதையும் அடைந்ததையும் தமக்குத் தெரிந்த சொற்களில் சொல்வர்.

எழுத்தறியாதவர் என்ன சொல்லியிருக்க முடியும் என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் தோர்ணக்கல் வரலாற்றின் உயிர்நிலை இருக்கிறது. வாயால் அவர்கள் சொன்னது கொஞ்சம். மீதியை அவர்கள் வாழ்க்கை சொல்லிற்று. குடியை விட்டனர். செத்த மாட்டின் இறைச்சி உண்பதை நிறுத்தினர். குடிசையும் உடையும் தூய்மையாயின. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். மாலாவும் மாதிகாவும் தமக்குள்ளேயே ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணாதவர்கள், பெண் கொடுத்துக் கொள்ளாதவர்கள். அவர்கள் ஆலயத்தில் ஒரே கிண்ணத்திலிருந்து திருவிருந்து பெற்றனர். அது ஒரே நாளில் நடந்துவிடவில்லை. சாதியின் வேர் ஆழமானது. சபைக்குள்ளும் அது தழைக்கப் பார்த்தது. அசரியா இதில் மட்டும் இணங்கிப் போகாதவர். இயல்பிலேயே கண்டிப்பானவர், சாதி விஷயத்தில் அக்கண்டிப்பு இரட்டிப்பாயிற்று.

இந்த மாற்றத்தை ஊருக்குள் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தனர். தம் நிலத்தில் நேற்றுவரை குடித்துவிட்டு வேலைக்கு வந்தவன் இன்று தெளிவாக வருகிறான். பொய் சொன்னவன் கணக்கைச் சரியாகச் சொல்கிறான். கூனி நின்றவன் நிமிர்ந்து நிற்கிறான். இதற்குக் காரணம் என்ன என்று நிலவுடைமையாளர்களே கேட்கத் தொடங்கினர். 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் ரெட்டி, காப்பு, கம்மா முதலிய வகுப்பினரிலும் ஆயிரக்கணக்கானோர் சபையை நாடி வந்தனர். உயர்ந்தோர் மாறினால் தாழ்ந்தோர் தொடர்வர் என்பது பழைய மிஷனெரிகள் சிலர் போட்ட கணக்கு. தோர்ணக்கலில் அந்தக் கணக்கு தலைகீழாயிற்று. ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவர் ஊருக்கே ஆசிரியரானார்.

அன்பு மரியம்மாளைப் பற்றிச் சொல்வேன் என்றேன். தோர்ணக்கலில் சிற்றூர்ப் பணிக்காக ஆண்களை மட்டும் பயிற்றவில்லை. அவர்கள் மனைவியரையும் உடன் அழைத்துப் பயிற்றினர். ஆசிரியர் மேடையில் சொல்வதை அவர் வீட்டு அடுக்களை மறுக்கக் கூடாது என்பது கருத்துப் போலும். பெண்களின் கல்வியிலும் தாய்மார் கூட்டங்களிலும் அம்மையாரின் கை முன்னின்றது. வீடுதோறும் சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து ஆண்டவருக்கென்று தனியே வைக்கும் வழக்கம் நெல்லைச் சபைகளில் உண்டு. என் பாட்டி அதற்கென்று ஒரு கலயமே வைத்திருந்தார். தோர்ணக்கல் பெண்களும் அவ்வாறே பிடி அரிசி படைத்தனர். ஒரு வேளைக் கஞ்சிக்கு அலைபவரிடம் கொடு என்று சொல்வது கொடுமையல்லவா என்று கேட்கலாம். கொடுக்கும் பெருமையை ஏழைக்கு மறுப்பதே கொடுமை என்று அசரியா எண்ணினார். கிறிஸ்தவனின் கொடை பற்றி அவர் எழுதிய நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் அவர் ஊர் ஊராகச் சுற்றினார். பேராயரின் ஆண்டில் பெரும்பகுதி அந்தச் சுற்றுப்பயணத்திலேயே கழிந்தது. 1935இல் அவருடைய மறைமாவட்டத்தில் குருப்பட்டம் பெற்ற இந்தியர் 250 பேர். சிற்றூர் ஆசிரியர் 2,000 பேருக்கு மேல். மருத்துவ நிலையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அச்சகங்களும் இருந்தன. சேரி மக்களின் கடனையும் நோயையும் கண்டும் காணாதவர் போல் விண்ணுலகத்தை மட்டும் பேசியவர் அல்லர் அவர்.

தோர்ணக்கலில் அவர் எழுப்பிய பேராலயம் காணத்தக்கது. பணமின்மையால் பல ஆண்டுகள் இழுத்த அவ்வேலை முடிந்து, 1939 ஜனவரி 6ஆம் நாள் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. இந்துக் கோயில் மண்டபங்களை நினைவூட்டும் தூண்களும், மசூதியை நினைவூட்டும் குவிமாடங்களும் அதில் உண்டு. கிறிஸ்துவை ஏற்கும் இந்தியன் தன் நாட்டின் கலையைக் கழற்றி எறிய வேண்டியதில்லை என்று அக்கட்டடம் பேசாமல் பேசுகிறது.

இனி, இவ்வரலாற்றில் இனிமையற்ற ஒரு பகுதியையும் சொல்லியாக வேண்டும். 1930களில் மதமாற்றம் நாட்டின் பெரிய வழக்காயிற்று. 1935இல் டாக்டர் அம்பேத்கர் தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அறிவித்தபின் அது மேலும் சூடேறிற்று. காந்தியடிகள் மிஷனெரிகளின் தொண்டை மதித்தார். ஆனால் தொண்டின் பின்னே மதமாற்ற நோக்கம் இருப்பதை வன்மையாகக் கண்டித்தார். ஒடுக்கப்பட்ட எளிய மக்கள் சமயங்களை எடைபோட்டுத் தேரும் நிலையில் இல்லை என்பது அவர் கருத்து. அசரியாவின் கருத்து இதற்கு நேர்மாறானது. சேரியில் வாழ்பவனுக்கும் சிந்தனை உண்டு, ஆன்ம பசி உண்டு, தன் வழியைத் தானே தேரும் உரிமையும் உண்டு என்று அவர் நின்றார். இருவரும் நாட்டை நேசித்தவர்கள்; இருவரும் தீண்டாமையை வெறுத்தவர்கள். ஆயினும் இக்கருத்தில் ஒன்றுபடவில்லை.

இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. இரு பக்கத்திலும் உண்மை இருப்பதை மட்டும் காண்கிறேன். பசித்தவனுக்குச் சோற்றைக் காட்டி அவன் நம்பிக்கையை விலைக்கு வாங்குவது இழிவு. அவ்வாறு எங்கும் நடந்ததே இல்லை என்று எந்தக் கிறிஸ்தவனும் சாதிக்க முடியாது. தோர்ணக்கலுக்கு வந்தவர் எல்லாரும் தூய நோக்கத்தோடே வந்தனர் என்றும் சொல்ல முடியாது. பள்ளிக்காக வந்தவர் உண்டு. பண்ணையார் கொடுமைக்கு அஞ்சி வந்தவர் உண்டு. அதனால்தான் திருமுழுக்குக்கு முன் நீண்ட பயிற்சி வைக்கப்பட்டது. அதே வேளையில், ஏழை ஒருவன் ஒரு முடிவு செய்தால் அது வயிற்றின் முடிவாகத்தான் இருக்கும் என்று நினைப்பதும் அவனை அவமதிப்பதே. படித்தவன் மாறினால் சிந்தித்தான் என்கிறோம். படியாதவன் மாறினால் ஏமாந்தான் என்கிறோம். இது நீதியா?

அரசியலில் அசரியா எடுத்த நிலையையும் இத்துடன் வைத்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டும் என்று பலர் கேட்ட காலத்தில் அவர் அதை எதிர்த்தார். மதத்தின் பெயரால் வேலி போட்டுக்கொண்டு வாழ்பவன் தன் அயலானுக்கு எப்படி நற்செய்தி சொல்வான்? ஆள் தொகையைக் கூட்டிச் செல்வாக்குத் தேடுவதே நோக்கமானால் அவர் தனித்தொகுதியை விரும்பியிருப்பார். விரும்பாததே அவர் உள்ளத்தைக் காட்டுகிறது.

வேலிகள் சபைக்குள்ளும் இருந்தன. மேல்நாட்டுப் பிரிவுகள் இந்நாட்டிலும் பிரிவுகளாகவே இறக்குமதியாயின. 1919இல் ஸீகன்பால்க் வந்து இறங்கிய தரங்கம்பாடியில் பல சபைத் தலைவர்கள் கூடினர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அவர்கள் விடுத்த அறிக்கைக்கு அசரியா தலைமையானவருள் ஒருவர். அதன்பின் கால் நூற்றாண்டு இதற்காகவே உழைத்தார். ஒன்றோடொன்று பேசாத சபைகள் அன்பைப் பற்றி அயலாருக்குப் போதித்தால் யார் நம்புவர் என்பதே அவர் கவலை. 1945 ஜனவரி 1ஆம் நாள் தோர்ணக்கலில் அவர் காலமானார். இந்தியா விடுதலை பெற்ற மறுமாதம், 1947 செப்டம்பர் 27இல், தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் உருவாயிற்று. விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை.

அவர் வாழ்க்கையிலிருந்து விடுதியில் வாழும் நமக்கு என்ன கிடைக்கிறது? நான் கண்டவற்றைச் சொல்கிறேன். கிறிஸ்தவரல்லாத நண்பர்களும் தத்தம் கொள்கைக்குப் பொருத்திப் பார்க்கலாம். நெஞ்சில் கொண்டதை நேர்மையாகப் பகிர்வது எல்லாருக்கும் உரிய சிக்கலே.

முதலாவது, மறைத்துப் பழகுவது நட்பாகாது. எனக்கு உயிரானது எது என்று நண்பன் கேட்கும்போது நான் சொல்லக் கடமைப்பட்டவன். இரண்டாவது, கேட்பவனுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை முழுமையாக இருக்க வேண்டும். அவன் வேண்டாம் என்றபின்னும் அவனுடைய காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க எனக்கு மனம் இருக்க வேண்டும். அந்த மனம் இல்லாவிட்டால் முன்பு காட்டிய அன்பு தூண்டிலில் மாட்டிய புழுவே. மூன்றாவது, சொல்பவன் கேட்கவும் வேண்டும். தெலுங்கு கற்காத அசரியா தோர்ணக்கலுக்கு அந்நியராகவே இருந்திருப்பார். என் அறைத்தோழனின் வீட்டுப் பண்டிகை எது, அவன் தாய் எதற்காக நோன்பிருக்கிறார் என்பதை அறிய விரும்பாத நான், என் சமயத்தைப் பற்றி அவனிடம் பேச என்ன உரிமை பெற்றிருக்கிறேன்?

கடைசியாக ஒன்று. தோர்ணக்கலின் கூலிக்காரர் வாதத்தில் எவரையும் வென்றதில்லை. அவர்களை நாள்தோறும் பார்த்த அயலார்தாம் காரணம் கேட்டு வந்தனர். தேர்வு மண்டபத்தில் காப்பியடிக்காமல் இருப்பதும், உணவுக் கட்டணத்தைக் காலத்தில் செலுத்துவதும், பாத்திரம் கழுவும் சிறுவனைப் பெயர் சொல்லி மரியாதையாக அழைப்பதும், இல்லாதவன்மேல் எழும் பழிச்சொல்லில் சேராதிருப்பதும் சிறியவை. ஆனால் விடுதியில் நம்மை நாள்தோறும் பார்ப்பவர்கள் படிக்கும் ஏடு அதுதான். அந்த ஏட்டில் எழுத்துப் பிழை மலிந்திருந்தால், நாம் கையில் ஏந்தும் மறைநூலை அவர்கள் திறக்கப் போவதில்லை. எந்தச் சமயத்தவராயினும் நமக்கு இது பொருந்தும் என்றே நம்புகிறேன்.